சிலம்பின் பரலும் செய்தியின் மூலமும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் ஆற்றுகால் பொங்காலையை அறியாதிருத்தல் அரிது. மாசித் திங்களில், மலையாளக் கணக்கில் கும்ப மாதத்தில், கோயிலைச் சுற்றி நெடுந்தொலைவுக்குத் தெருவெங்கும் செங்கல் அடுப்புகள் வரிசை கொள்கின்றன. இலட்சக்கணக்கான பெண்டிர் புதுப்பானையும் பச்சரிசியும் வெல்லமுமாகக் காத்திருக்கின்றனர். கோயிலில் பாடப்பெறும் தோற்றம் பாட்டில் பாண்டிய மன்னன் வீழும் பகுதி முடிந்த பின்னரே அடுப்புகளில் தீ மூட்டப்பெறுகிறது. மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூர் செல்லும் வழியில் இங்குத் தங்கிச் சினம் தணிந்தாள் என்பது இவ்வூர் மரபு.

இளங்கோவடிகளின் காப்பியத்தில் பாண்டியன் தன் பிழையை உணர்ந்து தானே அரியணையில் வீழ்ந்து உயிர் நீக்கின்றான். பாட்டு மரபிலோ தேவியின் சினமே அவனை அழிக்கின்றது. முடிவு வேறுபடினும் அவன் செய்த குற்றம் இரண்டிலும் ஒன்றே. தன் செவிக்கு வந்த செய்தி எங்கிருந்து வந்தது, சொன்னவன் யார், அதனைச் சோதிக்க வழியுண்டா என்று ஆராயாமல் ஆணையிட்டான். ஆண்டுதோறும் இந்நகரின் தெருக்களில் மூட்டப்படும் தீ, ஆராயாது நம்பிய ஒரு செய்தியின் நினைவுத் தீயாகும்.

இத்தகைய நினைவை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் இந்நகரிலேயே, 1994ஆம் ஆண்டில், மூலம் ஆராயப்படாத ஒரு செய்தி ஒரு தமிழ் அறிவியலறிஞரின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. அவ்வரலாற்றைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு திரும்பப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொற்கொல்லன் சொன்ன செய்தி

கொலைக்களக் காதையை நாம் பலமுறை படித்திருக்கின்றோம். செய்தி பரவும் முறையை அறிய விரும்புவோர் அதனை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நன்று.

அரசியின் ஊடலால் கலங்கிய உள்ளத்தோடு மன்னன் அந்தப்புரம் நோக்கிச் செல்கின்றான். அந்த வேளை பார்த்துப் பொற்கொல்லன் வந்து பணிகின்றான். காணாமற்போன சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கின்றான் என்று கூறுகின்றான். சொல்பவனே அச்சிலம்பைக் கவர்ந்தவன். தன் களவை மறைக்க வேண்டிய தேவை அவனுக்கு உண்டு. கேட்பவனுக்கோ அச்செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்னும் விருப்பம் உண்டு. சிலம்பு கிடைத்தால் அரசியின் ஊடல் தீரும். சொல்பவனின் தேவையும் கேட்பவனின் விருப்பமும் ஒன்றுகூடும் இடத்தில் பொய் எளிதில் மெய்யாகிவிடுகின்றது.

ஐயம் எழவே இல்லையா? எழுந்தது. கோவலனைக் கண்ட காவலர்கள் இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் நகைக்கின்றான். களவு நூலின் நுட்பங்களை எடுத்து விரிவாகப் பேசுகின்றான். அவன் பேச்சு வன்மையில் ஐயம் கரைகின்றது. அதற்குள் அவர்களுள் ஒருவனுடைய வாள் பாய்ந்துவிடுகின்றது.

சோதிக்க வழி இருந்ததா? மிக எளிய வழி இருந்தது. அரசியின் சிலம்பில் முத்துப்பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப்பரல். உள்ளே என்ன இருக்கின்றது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அக்கேள்வி வழக்குரை காதையில்தான் எழுகின்றது. சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது, உண்மை வெளிப்படுகின்றது. ஆனால் கோவலன் மீளவில்லை.

ஒற்றரும் ஏடுகளும்

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அதனோடு நில்லாமல் மேலும் ஒரு நுட்பம் கூறுகின்றார். ஒற்றர் மூவரை ஒருவரையொருவர் அறியாத வகையில் ஆள வேண்டும். அம்மூவர் சொல்லும் ஒத்திருந்தாலே தெளிதல் வேண்டும். இங்கு மூன்று என்னும் எண்ணிக்கையைவிட ஒருவரையொருவர் அறியாமை என்பதே உயிர்நாடி. மூவரும் கூடிப் பேசிக்கொண்டு வந்தால் அது மூன்று சான்று ஆகாது. ஒரு சான்று மும்முறை ஒலித்ததாகும்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோரும் இதே நெறியைப் பின்பற்றினர். ஒரு பாட்டுக்குப் பத்து ஏடுகளில் ஒரே பாடம் காணப்படலாம். அப்பத்தும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று தெரிந்தால், பதிப்பாசிரியர் அவற்றை ஒரே சான்றாகத்தான் கொள்வார். தாய் ஏட்டில் நேர்ந்த பிழை பத்துப் படிகளிலும் அப்படியே இருக்கும். படிகளின் பெருக்கம் பிழையைத் திருத்தாது, பரப்பவே செய்யும்.

இந்நெறி இவ்வூர்த் தமிழர்க்குப் புதிதன்று. மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கி, 1891இல் மனோன்மணீயம் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துப் பண்டை மன்னர் வரலாற்றை ஆராய்ந்தார். திருஞானசம்பந்தர் காலத்தைச் செவிவழிக் கதைகளால் அறுதியிடாமல் சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவரும் அவரே. இந்நகரில் வழக்கறிஞராய் வாழ்ந்து, பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி, பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் மீண்டு வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, ஏடுகளின் மூலத்தை வினவுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். அவர்தம் முடிபுகள் சிலவற்றை நாம் ஏற்காதிருக்கலாம். மூலம் எது என்று கேட்கும் அவர்தம் பழக்கத்தை ஏற்காதிருத்தல் இயலாது.

தும்பாவுக்கு வந்த நாகர்கோயில் இளைஞர்

இனி 1994இன் கதைக்கு வருவோம். அதற்கு முன் அக்கதையின் நடுவில் நின்ற மனிதரை அறிந்துகொள்ளல் வேண்டும்.

நம்பி நாராயணன் 1941 டிசம்பர் 12 அன்று நாகர்கோயிலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்போது நாகர்கோயில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்ற அவர், 1966இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்தில் பணி ஏற்றார். நிலக் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருந்தமையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மீனவ ஊரிலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ஏவுகணை விண்ணேகியது. மகதலா மரியாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் ஆய்வுப் பணிக்கு இடம் தந்த வரலாறு நாம் அறிந்ததே.

அந்நாளில் இங்கு ஆராயப்பட்டவை பெரும்பாலும் திட எரிபொருள் ஏவுகணைகளே. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று மீண்ட நம்பி நாராயணன் திரவ எரிபொருள் துறையில் ஊன்றி நின்றார். 1974இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவர் தலைமையில் இந்தியப் பொறியாளர் குழு பிரான்சு சென்று, அங்கு உருவாகி வந்த வைக்கிங் இயந்திரத்தின் நுட்பங்களைக் கற்று வந்தது. அதன் பயனாக இந்தியாவில் உருவானதே விகாஸ் இயந்திரம். பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தை இன்றளவும் இயக்குவது அதுவே. 2008இல் சந்திரயானையும் 2013இல் மங்கள்யானையும் சுமந்த ஏவுகலங்களில் அதன் உழைப்பு உண்டு.

பி.எஸ்.எல்.வி. முதன்முதலாக வெற்றி கண்ட நாள் 1994 அக்டோபர் 15. அவ்வெற்றிக்கு ஐந்தே நாள்கள் கழித்து, அக்டோபர் 20 அன்று, திருவனந்தபுரத்தில் ஒரு சிறு கைது நடந்தது.

ஐப்பசியில் தொடங்கிய புயல்

கைதானவர் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்னும் பெண். மருத்துவத்திற்கும் கல்விக்கும் மாலத்தீவினர் இந்நகருக்கு வந்து தங்குவது நெடுநாள் வழக்கம். சூரத் நகரில் தோன்றிய கொள்ளைநோய் அச்சத்தால் விமானப் போக்குவரத்து தடைப்பட்டிருந்த காலம் அது. தங்குவதற்குரிய கால எல்லையைக் கடந்து தங்கினார் என்பதே அவர்மீது முதலில் வஞ்சியூர்க் காவல் நிலையத்தில் பதிவான குற்றச்சாட்டு. அயல்நாட்டினர் சட்டத்தின் கீழ் அமைந்த வழக்கு அது; அவ்வளவே.

நவம்பர் 13 அன்று அலுவலக இரகசியச் சட்டத்தின் கீழ் இரண்டாம் வழக்குப் பதிவாயிற்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுகல இரகசியங்கள் அயல்நாட்டுக்கு விற்கப்பட்டன என்பது புதிய குற்றச்சாட்டு. அந்நிறுவனத்தின் அறிவியலறிஞர் சசிகுமாரனும், அவரையடுத்து நவம்பர் 30 அன்று நம்பி நாராயணனும் கைது செய்யப்பட்டனர். மாலத்தீவைச் சேர்ந்த பௌசியா ஹசன், ரஷ்ய விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாசின் சார்பாளராக இருந்த கே. சந்திரசேகர், பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் ஒருவர் ஆகியோரையும் சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர் அறுவர்.

அந்நாள்களில் தொலைக்காட்சியில் இரவுபகலாகச் செய்தி ஓடும் வழக்கம் இல்லை, கைப்பேசியும் இல்லை. எனினும் செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. காலைத் தேநீர்க் கடையில் விரியும் நாளிதழ் ஒவ்வொன்றிலும் புதுப் புதுக் கதைகள். அழகிய பெண்கள், அயல்நாட்டு உளவு, கோடிக்கணக்கான பணம், வரைபடக் கட்டுகள் என ஒன்றை மற்றொன்று விஞ்சும் வண்ணம் எழுதப்பட்டன. மலையாள நாளிதழ்களில் வந்தவை தமிழிலும் ஆங்கிலத்திலும் மறுபதிப்பாயின. சாலைக் கடைத்தெருவிலும் கோட்டைப் பகுதியிலும் கரமனை அக்கிரகாரத்திலும் அலுவலகங்களிலும் பேச்சு அதுவேயாயிற்று.

எத்தனை இதழ்கள் எழுதின என்பதைக் காட்டிலும் எத்தனை மூலங்களிலிருந்து எழுதின என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. பெரும்பான்மைக் கதைகள் விசாரணை செய்தவர் வாயிலிருந்து கசிந்தவை. காவல்துறை வட்டாரங்கள் தெரிவித்தன என்று அவை முடியும். வட்டாரம் என்னும் சொல்லுக்கு முகமில்லை, பெயரில்லை, பின்னாளில் பொறுப்பேற்க ஆளும் இல்லை. ஓரிதழ் எழுதியதை மற்றோரிதழ் எடுத்தெழுத, அதனையே மூன்றாம் இதழ் சான்றாகக் காட்ட, படிப்பவருக்குப் பத்துப்பேர் சொல்வதாகத் தோன்றிற்று. ஏடுகள் பல, தாய் ஏடு ஒன்றே. இத்தனை பேர் எழுதுகின்றார்களே, நெருப்பில்லாமல் புகையுமா என்று நல்லவர்களும் கேட்டனர். புகை அனைத்தும் ஒரே அடுப்பிலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அக்காலத்திலேயே ஐயம் எழுப்பிய இதழாளர் சிலர் இருந்தனர். கோவலனைக் கண்டு ஐயுற்ற காவலர்க்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. பேரிரைச்சலில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

கேட்கப்படாத கேள்வி

சிலம்பின் உள்ளே என்ன என்பது போல் இவ்வழக்கிலும் ஓர் எளிய கேள்வி இருந்தது. விற்றதாகக் கூறப்படும் பொருள் விற்பவர் கையில் இருந்ததா?

விற்கப்பட்டதாகப் பெரிதும் பேசப்பட்டது கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் இயந்திரத்தின் நுட்பம். திரவ ஆக்சிஜனையும் திரவ ஹைட்ரஜனையும் எரிபொருளாகக் கொள்வது அது. ஆக்சிஜன் திரவமாக நிற்கச் சுழியத்திற்குக் கீழே 183 பாகையும், ஹைட்ரஜன் நிற்க 253 பாகையும் குளிர்நிலை வேண்டும். அக்குளிரில் சாதாரண உலோகம் நொறுங்கும். மூட்டுகளில் கசிவு காணும். உலகில் ஒரு சில நாடுகளே அந்நுட்பத்தை அறிந்திருந்தன.

இந்தியா அதனை அறிந்திருக்கவில்லை. 1991இல் கிளாவ்காஸ்மாசுடன் இயந்திரங்களையும் நுட்பத்தையும் சேர்த்துப் பெற ஒப்பந்தம் செய்யப்பட்டது. அமெரிக்கா அதனை எதிர்த்து 1992 மே மாதத்தில் இரு நிறுவனங்கள்மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா நுட்பத்தைத் தருவதிலிருந்து பின்வாங்கி, இயந்திரங்களை மட்டும் தர இசைந்தது. ஆகவே 1994இல் இந்தியாவிடம் அந்நுட்பம் முழுமையாக இல்லை. சொந்தமாக உருவாக்கிய கடுங்குளிர் இயந்திரத்தைக் கொண்டு இந்தியா முதல் வெற்றி கண்டது 2014 சனவரி 5 அன்று; கைதுகள் நடந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து.

இவ்வொப்பந்தம் பற்றிய செய்திகள் 1992, 1993 ஆண்டுகளில் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் வந்தவையே. ரஷ்யா நுட்பம் தர மறுத்ததை எழுதிய அதே இதழ்கள், ஓராண்டுக்குப் பின் அந்நுட்பம் விற்கப்பட்டதாக எழுதின. தம் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்திருந்தாலே ஐயம் தோன்றியிருக்கும். பொறியியல் அறிந்த ஒருவரை அழைத்து, வரைபடக் கட்டு ஒன்றைக் கொண்டு மட்டும் ஒரு நாடு ஏவுகல இயந்திரம் செய்துவிட இயலுமா என்று கேட்டிருக்கலாம். பிரான்சில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்றும் விகாசை உருவாக்க நம்மவர்க்கு நெடுங்காலம் ஆயிற்றே என்று அவர் சொல்லியிருப்பார். சிலம்பு கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. உடைத்துப் பார்ப்பாரைத்தான் காணோம்.

தீர்ப்புக்கு ஆன காலம்

டிசம்பர் தொடக்கத்தில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நம்பி நாராயணன் ஐம்பது நாள்கள் காவலில் இருந்து 1995 சனவரியில் பிணையில் வெளிவந்தார். அதே ஆண்டு மார்ச்சில் முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். அதற்குரிய காரணங்களுள் இவ்வழக்கு எழுப்பிய புயலும் ஒன்று. 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுகளுக்குச் சான்றில்லை, அவை பொய்யானவை என்று அறிக்கை அளித்தது. எர்ணாகுளம் நீதிமன்றம் அதனை ஏற்றது. அதன்பின்னும் மாநிலக் காவல்துறையைக் கொண்டு மீண்டும் ஆராய அரசு முற்பட்டபோது, 1998 ஏப்ரல் 29 அன்று உச்சநீதிமன்றம் அம்முயற்சியைத் தள்ளுபடி செய்தது.

கைதுக்கு முதற்பக்கம் முழுவதையும் வழங்கிய இதழ்கள் விடுதலைக்கு எவ்வளவு இடம் தந்தன என்பது அக்காலத் தாள்களைக் கண்டவர்க்குத் தெரியும். பொய் ஒரே நாளில் ஊர் முழுவதும் சென்றது. திருத்தம் பின்னால் நடந்து வந்தது. வழக்கிலிருந்து விடுபட்ட பின்னும் பல ஆண்டுகள் அவ்வறுவரையும் ஐயத்தோடு பார்த்தவர் உண்டு. கோயிலிலும் கடைத்தெருவிலும் ஒரு குடும்பத்தின் முதுகுக்குப் பின்னால் எழும் முணுமுணுப்பை எந்த நீதிமன்றமும் தள்ளுபடி செய்ய இயலாது.

2018 செப்டம்பர் 14 அன்று உச்சநீதிமன்றம், நம்பி நாராயணன் தேவையின்றிக் கைது செய்யப்பட்டார், துன்புறுத்தப்பட்டார், பெரும் மனத்துயருக்கு ஆளாக்கப்பட்டார் என்று கூறி, ஐம்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கக் கேரள அரசுக்கு ஆணையிட்டது. மறு ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2020இல் கேரள அரசு மேலும் ஒரு கோடியே முப்பது இலட்சம் ரூபாய் வழங்கியது. 2021இல் உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை மீண்டும் ஆராய்ந்து, 2024இல் முன்னாள் காவல், உளவுத்துறை அதிகாரிகள் ஐவர்மீது குற்றப்பத்திரிகை அளித்தது. அவர்கள் குற்றவாளிகளா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமே. 1994இன் பிழையை நாம் மறுபுறமாகச் செய்தல் ஆகாது.

அறுவருள் ஒருவரான கே. சந்திரசேகர், 2018 தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்னர் நினைவிழந்து, இரண்டு நாள் கழித்து மறைந்தார். தாம் காத்திருந்த சொல்லை அவர் கேட்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்தபோது கோவலன் அவையில் இல்லாதது போன்றதே இதுவும்.

நமக்கு இனிக்கும் செய்தி

இதுவரை கூறியதைக் கேட்கும் தமிழ்நெஞ்சம் ஒன்றை நினைக்கக்கூடும். அவர் தமிழர், ஆதலால்தான் இவ்வாறு நேர்ந்தது. அல்லது, நம் நாட்டு முன்னேற்றம் பொறாத அயல்நாடு செய்த சதி இது. இவ்விரண்டும் இன்று நம்மிடையே மெய்போல் உலவுகின்றன.

இங்குத்தான் நம் நெறிக்கு உண்மையான சோதனை வருகின்றது. தமிழர் என்பதால் அவர் குறிவைக்கப்பட்டார் என எந்த நீதிமன்றமும் கூறவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அறுவரும் பல ஊரினர், இரு நாட்டினர். அயல்நாட்டுச் சதி என்பதும் ஐயமாகக் கூறப்பட்டதேயன்றி நிறுவப்பட்டதன்று. 2022இல் அவர் வாழ்வைத் தழுவிய ராக்கெட்ரி என்னும் திரைப்படம் தமிழிலும் வந்தது. அதிலும் அவர் பேச்சிலும் வந்த சில செய்திகளை அவரோடு பணியாற்றிய அறிவியலறிஞர் சிலரே வெளிப்படையாக மறுத்தனர். அவர் இழைக்கப்பட்ட அநீதி நீதிமன்றச் சான்று பெற்றது; அதனைச் சுற்றி வளர்ந்த கதைகள் யாவும் அச்சான்று பெறவில்லை.

பாண்டியன் ஏமாந்தது, அவன் கேட்க விரும்பியதைப் பொற்கொல்லன் சொன்னமையால் என்று முன்னர்க் கண்டோம். நம் பெருமைக்கு உகந்த செய்தி வரும்போது நாமும் அப்பாண்டியன் நின்ற இடத்தில்தான் நிற்கின்றோம். கசக்கும் செய்தியின் மூலத்தைக் கேட்பது எளிது. இனிக்கும் செய்தியின் மூலத்தைக் கேட்பவரே உண்மையில் ஆராய்பவர்.

அயலூரில் வாழ்வோர்

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இந்நெறி அறிவுரை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். வதந்திக்கு முதலில் இரையாவோர் அயலாரே. 1994இல் கதை எளிதில் நம்பப்பட்டதற்கு, அதன் தொடக்கத்தில் நின்றவர் அயல்நாட்டுப் பெண் என்பதும் ஒரு காரணமாகும்.

அண்மையில் தமிழ்நாட்டிலேயே இதற்கொரு சான்று காண நேர்ந்தது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பணிபுரியும் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று கூறும் ஒளிப்படங்கள் கைப்பேசி வழியே வடக்கே பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் உடனே மறுத்தார். காட்டப்பட்ட காட்சிகள் பழையவை. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளரின் இரு குழுக்களுக்கிடையே நிகழ்ந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூரார் தமக்குள் சண்டையிட்டது. பீகாரிலிருந்து குழு ஒன்று வந்து நேரில் ஆராய்ந்து சென்றது. அதற்குள் தொலைவில் இருந்த எத்தனை தாய்மார் மகனுக்குத் தொலைபேசியில் அழுதிருப்பார்கள் என்பதை நம்மைப் போன்ற குடும்பத்தாரே அறிவர். கண்ணால் கண்ட காட்சியும் எங்கே, எப்போது, யாருக்கிடையே எடுக்கப்பட்டது என்று தெரியாதவரை சான்றாகாது. பரல் தெரியாத சிலம்பு அது.

காத்திருக்க இயலாத செய்தி

எல்லாச் செய்தியையும் ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் ஏது என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆழிப்பேரலை வந்த நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரக்கூடும் என நடுவணரசின் உள்துறை எச்சரித்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் கடற்கரை மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினர். நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதாகக் கூறிக்கொண்ட அயல்நாட்டுத் தனியார் அமைப்பொன்றின் கூற்றே அதற்கு அடிப்படை என்பதும், அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதும் அன்றே தெரிந்தன.

ஓடிய மக்களை நாம் குறைகூற மாட்டோம். மேட்டுக்கு ஓடியவர் பொய்யென்று தெரிந்தால் இறங்கி வரலாம். இழப்பு ஒரு நாள் உழைப்பு. ஒருவர்மீது பழி கூறியவர் அதனைத் திரும்பப் பெற இயலாது. ஆதலின், செய்யப்போகும் செயல் மீட்கக்கூடியதா என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். உயிர் காக்கும் செயலுக்கு ஐயமே போதும். பிறர் மானத்தைத் தொடும் செயலுக்குத் தெளிந்த சான்று வேண்டும்.

அரசும் அன்றைய பிழையிலிருந்து கற்றது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் அமைந்தது. நிலநடுக்கமானி நடுக்கத்தைச் சொல்கின்றது. ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானி அலை எழுந்ததா என்று சொல்கின்றது. கரையோர நீர்மட்டமானி அது வந்ததா என்று சொல்கின்றது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கருவிகள் சிற்றலையையே காட்டியதால் அன்றே விலக்கிக்கொள்ளவும் பட்டது. ஒன்றையொன்று அறியாத மூன்று சான்றுகள். வள்ளுவர் கூறிய ஒற்றர் மூவரை இன்று நாம் கடலடியிலும் காண்கின்றோம்.

நிறைவாக

இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் கையிலும் செய்தி வந்து விழுகின்றது. 1994இல் இதழாசிரியர் சிலருக்கு மட்டும் இருந்த பரப்பும் வன்மை இன்று பள்ளி மாணவனுக்கும் உண்டு. ஆகவே இதழாசிரியருக்குரிய பொறுப்பும் அவனுக்கு உண்டு. நாம் நம் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரம் சொல்லும்போது கண்ணகியின் கற்பையும் மதுரை எரிந்ததையும் சொல்லி நிறுத்திவிடுகின்றோம். பாண்டியன் கேட்கத் தவறிய கேள்விகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக: இதனைச் சொன்னவர் யார்? இதனால் அவருக்கு ஆவது என்ன? வேறு வழியாக அறிந்த இன்னொருவர் உண்டா? சிலம்பின் உள்ளே என்ன?

அடுத்த மாசியில் ஆற்றுகால் தெருக்களில் நம் வீட்டுப் பெண்டிரும் அடுப்புக் கூட்டி அமர்வர். தீ மூட்டும் குறிப்புக்காக அவர்கள் காத்திருக்கும் அந்தச் சிறு பொழுதில், அருகில் அமர்ந்த பேத்தி எதற்காக இந்தத் தீ என்று கேட்டால், பாட்டி இதனையும் சொல்லட்டும்.